தங்க எழுத்துக்கு ஸ்ட்ரோக்: இன்சைடா, அவுட்சைடா?

தங்கமுலாம்:
தங்க நிற எழுத்து செய்யும் போட்டோஷாப் பாடம் ஒன்று எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. ஸ்ட்ரோக் என்றால் எழுத்தின் ஓரத்தில் ஓடும் கோடு; விளிம்புக்கு உள்ளே வந்தால் இன்சைட், வெளியே வந்தால் அவுட்சைட். "தங்க எழுத்துக்கு ஸ்ட்ரோக் பொசிஷன் அவுட்சைட், சைஸ் 10 பிக்சல். எந்த மொழிக்கும் இதே அளவு போதும்" என்கிறார் பாடம் நடத்துபவர். எந்த மொழிக்குமாம்! 'கண்ணன்' என்று அடித்து அந்த அளவை வைத்துப் பாருங்கள். 'ண' சுழிக்குள் இருக்கும் வெளி 16 பிக்சல் என்றால், இரண்டு பக்கமும் 10 வந்து மூடிவிடும். சுழி போய்க் கட்டிதான் மிஞ்சும். மெய்யெழுத்தின் புள்ளியும் கீழே உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'கீ'யில் மேலே இருக்கும் சுழி அடைபட்டால் குறிலா நெடிலா என்றே தெரியாது. தமிழுக்கு ஸ்ட்ரோக் இன்சைட்தான்.

வட்டெழுத்து:
பாதிக் கணக்குதான் சொல்கிறீர்கள். எழுத்தின் தடிமன் 24 பிக்சல், இன்சைடில் 5 வைத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 10 போய்விடும். மிச்சம் 14. அந்த 14-இல்தான் கிரேடியன்ட் என்கிற நிறச்சாயல் மாற்றம், மினுமினுப்பு எல்லாம் தெரிய வேண்டும். தங்கம் எங்கே தெரியும்? வெறும் ஓரம்தான் தெரியும். அவுட்சைட் வைத்தால் 24-ம் அப்படியே இருக்கும்.

தங்கமுலாம்:
24 பிக்சல் ஃபான்டை யார் எடுக்கச் சொன்னது? தடித்த ஃபான்ட் எடுங்கள். இன்னொன்று, லேயர் ஸ்டைலில், அதாவது படத்தின் ஒரு அடுக்குக்குப் போடும் அலங்காரத்தில், அவுட்சைட் ஸ்ட்ரோக் மூலையை உருட்டிவிடும். விளிம்பிலிருந்து எல்லாத் திசையிலும் ஒரே தூரம் அளப்பதால் கூர்மூலை வட்டமாகிறது. இன்சைடில் வெளிவிளிம்பு என்பது எழுத்தின் விளிம்பேதான், கூர்மை கெடாது. 'ட', 'ப' இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எழுத்தைப் புடைப்பாகக் காட்டும் பெவலில், உளியால் செதுக்கியது போன்ற கூர்மை தரும் சிசல் ஹார்ட் வைத்துவிட்டு மூலையை உருட்டுவது கத்தியைத் தீட்டிவிட்டு முனையை மழுக்குகிற வேலை.

திறமூலன்:
எழுத்து மொத்தம் எத்தனை பிக்சல் உயரம் என்று இருவருமே சொல்லவில்லையே? 300 உயரத்துக்கு 10 என்பதும் 1500-க்கு 10 என்பதும் ஒன்றா?

வட்டெழுத்து:
கூர்மூலைக்காக இன்சைடா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? டைப் மெனுவில் எழுத்தை வடிவமாக மாற்றும் கன்வர்ட் டு ஷேப் கொடுத்து, ஷேப் ஸ்ட்ரோக்கில் அலைன் அவுட்சைட், கார்னர் மைட்டர் வையுங்கள். மூலை கூர்மையாகவே வரும். இந்த வசதி போட்டோஷாப் சிஎஸ்6 பதிப்பு வந்த காலத்திலிருந்தே, அதாவது 2012-லிருந்தே இருக்கிறது.

தங்கமுலாம்:
ஷேப் ஆக்கினால் பெயரில் ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் திருத்த முடியாது, மறுபடி அடித்து மறுபடி ஸ்டைல் போட வேண்டும். கல்யாணப் பேனரில் மாப்பிள்ளை பெயர் கடைசி நிமிடத்தில் மாறாத நாள் உண்டா? சரி, மைட்டர் வைத்துவிட்டீர்கள். 'ண' சுழி? அது திறந்துவிடுமா? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வட்டெழுத்து:
ஷேப் ஆக்கும் முன் கண்ட்ரோல் ஜே அடித்து ஒரு நகலை மறைத்து வைப்பது பாலபாடம். போன மாதம் டிராப் ஷேடோ விவாதத்திலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

தங்கமுலாம்:
டிராப் ஷேடோவில் நான் சொன்னதுதான் சரி. யூஸ் குளோபல் லைட் டிக் இருக்கும்போது ஒரு லேயரில் கோணத்தை மாற்றினால் அதே டிக் உள்ள எல்லா லேயரின் நிழலும் திரும்பும். அன்றைக்கு உங்கள் படத்தில் நிழல்கள் ஏன் மாறின என்று விளக்கியதே நான்தான். அதை விடுங்கள். 'ண' சுழி?

அச்சகத்தான்:
இரண்டு பேரும் திரையைப் பார்த்தே பேசுகிறீர்கள். 10 அடி அகல பேனர் 72 ரெசல்யூஷனில் (அங்குலத்துக்கு 72 பிக்சல்) 8640 பிக்சல். 2160-இல் செய்துவிட்டு கண்ட்ரோல் டி-யில் நான்கு மடங்கு இழுத்துக் கொடுக்கிறார்கள். எழுத்து பெரிதாகும், ஸ்ட்ரோக் 6 வைத்திருந்தால் அதே 6 பிக்சலில் நிற்கும். இமேஜ் சைஸில் ஸ்கேல் ஸ்டைல்ஸ் டிக் போட வேண்டும், அல்லது லேயர் ஸ்டைல் மெனுவில் ஸ்கேல் எஃபெக்ட்ஸ் 400 சதவீதம் கொடுக்க வேண்டும். பெவல் சைஸ் 250-க்கு மேல் போகாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். லேயரோடு அச்சுக்கான நிறமுறையான சிஎம்ஒய்கே-க்கு மாற்றாதீர்கள். அடியில் உள்ள நிறத்தோடு வெளிச்சமாகக் கலக்கும் ஸ்கிரீன் மோடில் இருக்கும் மினுமினுப்பு வேறு மாதிரி ஆகிவிடும். நகல் எடுத்து, எல்லா லேயரையும் ஒன்றாக்கும் பிளாட்டன் செய்து, பிறகு மாற்றுங்கள்.

திறமூலன்:
இவ்வளவு சிக்கல் எதற்கு? இலவச மென்பொருளான ஜிம்ப் 3.0, 2025 மார்ச்சில் வந்துவிட்டது. ஃபில்டரைப் போட்ட பிறகும் திருத்தலாம். தமிழ் எழுத்தும் எந்த அமைப்பும் மாற்றாமல் சரியாக வரும்.

தங்கமுலாம்:
தம்பி, போட்டோஷாப்பிலும் வரும். பழைய பதிப்பென்றால், பிரிஃபரன்ஸில் டைப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான எஞ்சினைத் தேர்ந்தெடுத்து, பேராகிராஃப் பேனலில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் வைத்தால் 'கொ' உடையாது. அதைச் செய்யாமல் இன்னும் பாமினி என்ற பழைய குறியீட்டு ஃபான்டில் அடிப்பவர்கள் வட்டெழுத்து மாதிரி ஆட்கள்தான்.

வட்டெழுத்து:
பாமினிக்கும் ஸ்ட்ரோக்குக்கும் என்ன சம்பந்தம்? அலங்கார ஃபான்டில் பாதி பழைய குறியீட்டில்தான் கிடைக்கிறது. பாமினியில் அடித்தாலும் 'ண' 'ண'தான்.

தங்கமுலாம்:
அந்த 'ண'தான் அவுட்சைடில் அடைகிறது! எத்தனை தடவை சொல்வது? செய்முறையே சொல்கிறேன். கீழே ஒரு லேயர்: ஸ்ட்ரோக் இன்சைட் 4, ஃபில் டைப் கிரேடியன்ட், ஸ்டைல் ஷேப் பர்ஸ்ட் (நிறம் விளிம்பை ஒட்டியே மாறும்), பெவல் ஸ்டைல் ஸ்ட்ரோக் எம்பாஸ் (ஸ்ட்ரோக் மட்டும் புடைக்கும்). மேலே அதன் நகல்: ஃபில் 0 (எழுத்தின் நிறம் மறைந்து ஸ்டைல் மட்டும் தெரியும்), ஸ்ட்ரோக்கை அணைத்து இன்னர் பெவல், சிசல் ஹார்ட், பளபளப்புக்கு கிளாஸ் கான்டூர் ரிங், ஆன்டி-அலியாஸ்டு டிக். ஒரே லேயரில் இரண்டு பெவல் போட முடியாது, போட்டோஷாப் சிசி 2015-இல் ஸ்ட்ரோக் போன்ற சிலவற்றைத்தான் பலமுறை சேர்க்க விட்டார்கள். சிசல் சைஸ் எழுத்துத் தடிமனில் பாதி. 24-க்கு 12. அதற்குக் குறைந்தால் நடுவில் தட்டையாக நிற்கும், முகடு சேராது.

வட்டெழுத்து:
நீங்களே 24 எடுத்துக் கணக்குப் போடுகிறீர்கள்! 24 ஃபான்டை யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டது யார்? இன்சைட் 4 என்றால் எட்டு போச்சு, மிச்சம் 16. முகட்டுச் சரிவு பக்கத்துக்கு 12 போட்டீர்கள், அதில் 4 ஓரத்துக்கே போய்விட்டது. அவுட்சைட் 4 வைத்திருந்தால் முழுச் சரிவும் தங்கமாகவே நிற்கும். 16 வெளி உள்ள சுழியிலும் 8 திறந்திருக்கும்.

தங்கமுலாம்:
பாடத்தில் சொன்னது 10. நீங்கள் இப்போது 4-க்கு இறங்கிவிட்டீர்கள்.

வட்டெழுத்து:
நான் 10 என்று எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். அவுட்சைட் என்றுதான் சொன்னேன், இப்போதும் அதுதான்.

திறமூலன்:
எழுத்தின் உயரம்?

தங்கமுலாம்:
எந்த உயரமானாலும் இன்சைட்தான். 'ஸ்ரீ'யை எடுத்து அவுட்சைட் போட்டு 100 சதவீதத்தில் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள் வட்டெழுத்தை, பிறகு பேசலாம்.