மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதினால் தண்டமா?

தென்பெண்ணை: "பி.இ. மூன்றாம் ஆண்டில், எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வை எழுதுவது தண்டம்" என்று தர்மபுரியில் ஒரு பயிற்சி மையத்தில் பையன்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. மூன்றாம் ஆண்டு மாணவர்களும் எழுதலாம் என்று விதியே இருக்கிறது. முடிவு வந்த நாளிலிருந்து 3 வருடம் மதிப்பெண் செல்லும். இதில் என்ன தண்டம்?

ஒகேனக்கல்காரன்: 3 என்று யார் சொன்னது? 2025 பிப்ரவரியில் எழுதினால் மார்ச்சில் முடிவு. பட்டம் கைக்கு வருவது 2026-ல். பி.இ. முடிக்காதவனை எம்.டெக்கில் எவன் சேர்ப்பான்? 2026, 2027. இரண்டே சேர்க்கை. 2028 மார்ச்சில் காலாவதி.

தென்பெண்ணை: விதியில் 3 என்றுதான் இருக்கிறது.

ஒகேனக்கல்காரன்: கையில் கிடைப்பது 2.

பர்கூர் பையன்: எண்ணிக்கையை விடுங்கள் அண்ணா. 3 மணி நேரத்தில் 65 கேள்வி. கால்குலேட்டர்கூடத் திரையில் இருப்பதைத்தான் தட்ட வேண்டும். ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் அடுத்த வருடம் கை நடுங்காது.

ஒகேனக்கல்காரன்: தம்பி, பழகுவதற்குப் பழைய வினாத்தாள் இலவசமாகவே கிடைக்கிறது. பிப்ரவரியில் ஆறாவது செமஸ்டர் பாதிகூட ஓடியிருக்காது. நடத்தாத பாடத்தில் குருட்டுவாக்கில் தட்டினால் மைனஸ் மார்க் வேறு. அதற்குத் தேர்வுக் கட்டணத்தைத் தென்பெண்ணையாரா கட்டுவார்? ஓசூர் பஸ் விவகாரத்திலும் இவர் இப்படித்தான் தெரியாமல் பேசினார்.

தென்பெண்ணை: பஸ்ஸை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் ஆறவில்லையோ?

பாலக்கோடு: நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எம்.எஸ்சி.க்கு ஜாம் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்றிருக்கிறேன். இப்போதே ஆரம்பிக்கலாமா?

ஒகேனக்கல்காரன்: ஆரம்பி தங்கச்சி. கடைசி வருடத்தில் எழுதலாம். ஜாம் மதிப்பெண் அந்த ஒரு வருட சேர்க்கைக்கு மட்டும்தான். நல்லவேளை, அங்கே 3 என்று அளக்க ஆள் இல்லை.

தென்பெண்ணை: கிருஷ்ணகிரிக்காரன் எது சொன்னாலும் உங்களுக்கு ஆகாது. 2004-ல் தர்மபுரியிலிருந்து எங்கள் மாவட்டத்தைப் பிரித்தது நல்லதாகப் போயிற்று.

ஒகேனக்கல்காரன்: ஓசூர் கம்பெனிகளை அள்ளிக்கொண்டு போன திமிர்! இருக்கட்டும். 2026, 2027. மூன்றாவது எது? வருடத்தைச் சொல்லுங்கள்.

தென்பெண்ணை: முடிவு வந்த நாளிலிருந்து 3 வருடம். கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படியுங்கள்.

ஒகேனக்கல்காரன்: வருடத்தைக் கேட்டேன்.