பட்டாளத்துப் பதிவில் தவறு: நீங்கள் எப்படித் திருத்தினீர்கள்?

சேன்-தெனியிலிருந்து, ஒரு சொல்தாவின் மகள்:

பிள்ளைகளோடு ரீயூனியன் என்ற இந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு வந்து தங்கிவிட்ட பழைய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து வீரர்கள், இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் அனுபவத்தைச் சேர்க்க வேண்டும்.

அப்பா காரைக்காலில் பிறந்தவர். 1961-இல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பதினைந்து வருடம் முடித்து பென்ஷனோடு வெளியே வந்தார். 1962 செப்டம்பரில் அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அந்த நாடு சுதந்திரம் வாங்கியிருந்தாலும் பிரெஞ்சுப் படை இன்னும் அங்கேதான் இருந்தது. 1974 சட்டப்படி அல்ஜீரியாவில் இருந்தவர்களுக்குப் போர்வீரர் அட்டை கிடைத்தது, ஆனால் 1962 ஜூலை 2-க்குப் பிறகு போனவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 2019 ஜனவரியில்தான் அவர்களுக்கும் வழி பிறந்தது: 1964 ஜூலை 1-க்குள் அங்கே நான்கு மாதம் இருந்திருந்தால் போதும். அட்டை இருந்தால் 65 வயதிலிருந்து போர்வீரர் ஓய்வூதியம் உண்டு. பெரிய தொகை இல்லை. ஆனாலும் அப்பாவுக்கு அந்த அட்டை வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

பணிப் பதிவேட்டின் நகல் வந்தபோது இரண்டு தவறுகள் தெரிந்தன. ஒன்று, தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராகவும் அப்பாவின் பெயர் முதல் பெயராகவும் ஏறியிருந்தது. பிறப்புப் பத்திரத்தில் அப்படி இல்லை. இன்னொன்றுதான் வயிற்றைக் கலக்கியது. அல்ஜீரியாவிலிருந்து கப்பல் ஏறியது 1962 டிசம்பர் என்று இருந்தது. உண்மையில் அது 1963 டிசம்பர். யாரோ ஒரு எழுத்தர் ஒரு எண்ணை மாற்றிப் போட்டதில் ஒரு முழு வருடம் காணாமல் போய், நான்கு மாதக் கணக்கும் நிறையாமல் போனது. விசாரிக்கப் போன ஒரு அலுவலகத்தில், "பதிவில் உள்ளதுதான் உண்மை, ஐயா தேதியை மறந்திருப்பார்" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். அவர் எதுவும் பேசவில்லை. எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பழைய ராணுவக் கோப்புகள் பிரான்சில் போ நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. முழுக் கோப்பையும் அங்கே எழுத்து மூலம் கேட்டோம். ஒரே ஒரு தாளோடு நின்றுவிடாதீர்கள், முழுக் கோப்பையும் கேளுங்கள். தவறை மறுக்கும் சாட்சி பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. 1963 மார்ச்சில் அதே பிரிவில் கார்ப்பரல் ஆனதாக, தவறான தேதிக்கு இரண்டே வரி கீழே எழுதியிருந்தது. அப்புறம் அப்பாவின் ராணுவ லிவ்ரேயில் (பணிக் கையேட்டில்) தடுப்பூசிப் பக்கம் ஒன்று இருக்கிறது. ஊதா மை மங்கிப் போயிருந்தாலும், ஓரான் என்ற அல்ஜீரிய ஊரின் பெயரும் 1963 என்ற வருடமும் ராணுவ மருத்துவரின் முத்திரைக்குள் தெளிவாகத் தெரிகின்றன. இந்த இரண்டையும் முன்னால் வைத்து எழுதிய கடிதத்துக்குப் பிறகு தேதி திருத்தப்பட்டது. இங்கே சேன்-தெனியில் இருக்கும் ஒனாக் என்ற முன்னாள் போர்வீரர் நல அலுவலகத்தில் அட்டைக்கு மனுப் போட்டு, அட்டையும் கைக்கு வந்தது.

பெயர் விஷயத்தில் முறை வேறு. முதலில் எத்தா சிவில் (பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு), அதற்குப் பிறகுதான் ராணுவம். பட்டாளத்துப் பதிவு பிறப்புப் பத்திரத்தைப் பின்பற்ற வேண்டியது, அதனால் அடிப்படைப் பத்திரம் சரியாக இல்லாமல் மேலே எதையும் அசைக்க முடியாது. வெறும் எழுத்துப் பிழை என்றால், பத்திரத்தை வைத்திருக்கும் எத்தா சிவில் அதிகாரியே திருத்தலாம். 2016 சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. புதுச்சேரி, காரைக்கால் பிரெஞ்சுக் குடிமக்களின் பத்திரங்களுக்கு நாந்த் நகரத்து அலுவலகத்துக்கு எழுத வேண்டும்.

சேன்-ஆந்த்ரேயிலிருந்து ஒருவர்:

அக்கா, எங்கள் வீட்டிலும் இதே பெயர்த் தொல்லைதான், ஆனால் வேறு விதம். நாங்கள் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வாரிசு, பல தலைமுறையாக இங்கேயே. முதலில் வந்தவரின் தமிழ்ப் பெயர் அப்படியே குடும்பப் பெயர் ஆகிவிட்டது. அதை ஒவ்வொரு மேரியிலும் (நகராட்சி அலுவலகத்திலும்) காதில் விழுந்தபடி எழுதினார்கள். அண்ணன் தம்பிக்கே எழுத்து வேறு. என் பெரியப்பா கட்டாய ராணுவச் சேவையில் அல்ஜீரியா போனவர். மேரியில் ஒரு எழுத்து, ராணுவத்தில் வேறு எழுத்து.

பத்திரத்தில் தவறே இல்லை, இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான். பத்திரம் எழுதும் சட்ட அதிகாரியான நொத்தேரிடம் சாட்சிகளோடு போய், இருவரும் ஒரே ஆள் என்று பத்திரம் எழுதி வாங்கினோம். பெரியப்பாவோடு சேவை செய்த நண்பர் ஒருவர் சாட்சிக்கு வந்தார். அவர் இன்று இல்லை. அதனால் சொல்கிறேன், கூட இருந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

தேதிக்கு ஆதாரமே கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி: படைப்பிரிவு எந்த நாளில் எங்கே இருந்தது என்ற நாட்குறிப்புகள் பாரிஸை ஒட்டிய வேன்சேன் கோட்டையில், ராணுவ வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதில் தனி ஆளின் பெயர் வருவது அபூர்வம். ஆனால் பிரிவு 1963-இல் எங்கே இருந்தது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சேன்-பியேரிலிருந்து ஓர் அம்மா:

என் வீட்டுக்காரரும் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகு அவருடைய பென்ஷனில் பாதி எனக்கு வர வேண்டும். எங்கள் கல்யாணம் வில்லியனூர்க் கோயிலில் நடந்தது, புதுச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்தில் பதிவாகவில்லை. ராணுவக் கோப்பில் அவர் திருமணமாகாதவர் என்றே இருந்தது. நாற்பது வருடம் சோறு போட்டவளைக் கோப்புக்குத் தெரியவில்லை.

இந்தியத் திருமணப் பதிவுச் சான்றிதழை வைத்து, அங்கே தூதரகத்தில் கல்யாணத்தை பிரெஞ்சுப் பதிவில் ஏற்றிய பிறகுதான் லிவ்ரே தெ ஃபமிய் என்ற குடும்பப் பதிவுப் புத்தகம் கிடைத்தது. அதன் பிறகு பென்ஷன் அலுவலகம் ஒப்புக்கொண்டது. கணவர் உயிரோடு இருக்கும்போதே இதைப் பாருங்கள் பெண்களே. "நமக்குள்ள என்ன பத்திரம்" என்று சொல்லும் ஆம்பிளையைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். போர்வீரர் ஓய்வூதியம் மட்டும் மனைவிக்குத் தொடராது, அது அவரோடு முடிந்துவிடும். ஆனால் விதவைக்கும் ஒனாக்கில் உதவி கேட்க உரிமை உண்டு, அதை விடாதீர்கள்.

சேன்-தெனியிலிருந்து, மறுபடியும்:

அம்மா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தன் நண்பர்கள் எல்லாருக்கும் சொல்லச் சொன்னார்.

தமிழில் உள்ள பத்திரங்களைப் பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: நாமே பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்து முத்திரை வைக்க வேண்டும். பெயரின் எழுத்து லிவ்ரே தெ ஃபமியில் உள்ளபடியே வர வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், இல்லாவிட்டால் அங்கே மூன்றாவதாக ஒரு பெயர் முளைக்கும். அசல் எதையும் தபாலில் அனுப்பாதீர்கள். நகலை ரெக்கமாந்தேயில் (பதிவுத் தபாலில்), பெற்றுக்கொண்ட சீட்டோடு அனுப்புங்கள். கோப்பு கேட்டு ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அது மறுப்புக்குச் சமம். அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அரசு ஆவணங்களைப் பெறும் உரிமையைக் கவனிக்கும் காதா ஆணையத்துக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது.