அறுவடைக் கழிவில் ஊறுகாய்ப்புல்: இறைச்சி மாட்டுக்கு எடை ஏறுமா?

தட்டைக்காரன்:
அறுவடைக்குப் பின் வயலிலேயே கொளுத்தப்படும் மக்காச்சோளத் தட்டையையும் கரும்புத் தோகையையும் நறுக்கிக் குழியில் ஊறவைத்து ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) ஆக்கினால், இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளின் தீவனச் செலவு கணிசமாகக் குறையும் என்பது என் கருத்து. காற்றுப் புகாதவாறு அழுத்தி மூடினால், லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பயிரிலுள்ள சர்க்கரையை அமிலமாக்குகின்றன, பி.எச். அளவு 4-ஐ ஒட்டி இறங்கியதும் அழுகல் நின்றுவிடுகிறது. மாடும் விரும்பித் தின்கிறது. தயங்க என்ன இருக்கிறது?

எடைக்கல்:
தாவர நாரை இறுக்கி, செரிக்க விடாமல் தடுக்கும் லிக்னின் இருக்கிறது, ஐயா. ஊறவைப்பது இருக்கும் சத்தைக் கெடாமல் காக்குமே தவிர, இல்லாத சத்தை உண்டாக்காது. அந்த அமிலம் லிக்னினை உடைப்பதுமில்லை. வைக்கோலில் புரதம் 3 முதல் 5 சதவீதம்தான். அசைபோடும் வயிற்றின் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைச் சரிவரச் செரிக்கவே தீவனத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் புரதம் வேண்டும். நாளொன்றுக்கு ஒரு கிலோ எடை ஏற வேண்டிய மாட்டுக்கு இதையே முதன்மைத் தீவனமாக வைத்தால் வயிறு நிறையும், எடை ஏறாது. குழி தோண்டியவர் இளைப்பதுதான் மிச்சம்.

தட்டைக்காரன்:
நான் வைக்கோலைச் சொல்லவே இல்லை. கதிர் ஒடித்தவுடன் வெட்டிய தட்டையில் ஈரமும் சர்க்கரையும் இன்னும் இருக்கின்றன. ஈரம் 60 முதல் 70 சதவீதத்துக்குள் இருக்கும்போதே குழியை நிரப்பிவிட வேண்டும். காய்ந்ததையும் பச்சையையும் நீங்கள் ஒன்றாகவே எடை போடுகிறீர்கள்.

எடைக்கல்:
அந்தப் பிரிவினையை ஏற்கிறேன். ஆனால் காய்ந்த தட்டையில் தண்ணீர் தெளித்து மூடிவிட்டு அதையும் ஊறுகாய்ப்புல் என்று அழைப்பவர்களே அதிகம். சர்க்கரை இல்லாத இடத்தில் அமிலம் எங்கிருந்து வரும்? கரும்பாலைக் கழிவுப்பாகு சேர்க்க வேண்டும். இல்லையேல் யூரியா தெளித்து மூன்று வாரம் மூடிவைத்து, அதிலிருந்து எழும் அமோனியாவால் நாரை இளக்க வேண்டும். பின்னது அமில ஊறல் அன்று, அதற்கு நேர்மாறான காரச் செயல்முறை.

கொட்டிலான்:
இருவரும் குழியை மூடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கெட்டது திறந்த பிறகு. பழச்சக்கையைத் தனியாக ஊறவைத்த முதல் ஆண்டில், ஈரம் மிகுந்து சாறு வழிந்தோடி, பியூட்டிரிக் அமில நாற்றத்தில் மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அடுத்த முறை அதே சக்கையோடு காய்ந்த வைக்கோலைக் கலந்தேன். சாற்றை வைக்கோல் உறிஞ்சிக்கொள்ள, ஊறல் நன்றாக அமைந்தது. ஆனால் குழியின் வாயை அகலமாக வெட்டித் தினமும் கொஞ்சமாக எடுத்ததால், காற்றுப் பட்ட முகப்பு சூடேறிப் பூசணம் பூத்தது. மாட்டு எண்ணிக்கைக்கு ஏற்பக் குழியின் அகலத்தைக் குறைத்த பிறகே அது நின்றது.

தட்டைக்காரன்:
வைக்கோலைக் கலந்தது நல்ல யோசனை. எடைக்கல் ஐயா, அப்படியானால் இதை எந்தப் பருவத்து மாட்டுக்குத் தரலாம் என்கிறீர்கள்?

எடைக்கல்:
சினைப்பசுவுக்கும் வளரும் கன்றுக்கும் பிண்ணாக்குத் துணையோடு தாராளமாகத் தரலாம்; இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். விற்பனைக்கு முந்தைய கடைசி மாதங்களில் மட்டும் தானியத்தின் இடத்தை இதற்குக் கொடுக்க மாட்டேன்.