உறையூரில் பேஸ்மென்ட் தோண்டும் முன் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

உறையூர்க்காரன்
எங்கள் தெருவில் மூன்று ஓட்டு வீடுகளைச் சேர்த்து வாங்கி அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். கார் நிறுத்த பேஸ்மென்ட் உண்டாம். ஜேசிபி வந்துவிட்டது. இது முற்காலச் சோழர் தலைநகர். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் இங்கே அகழ்ந்தபோது தமிழி, அதாவது தமிழ்-பிராமி எழுத்துள்ள பானை ஓடுகளும் செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டியும் கிடைத்தன. அப்படிப்பட்ட மண்ணைப் பத்தடி ஆழத்துக்கு அள்ளி லாரியில் ஏற்றும் முன் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பழைய நகரப் பகுதிகளில் கட்டட அனுமதிக்கு முன்பே தொல்லியல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன்.

மாடிவீடு72
தம்பி, நானும் உறையூர்தான். மண்மாரியில் வீடிழந்த சனங்களுக்கெல்லாம் கூரை கிடைக்கும்வரை தனக்கும் வேண்டாம் என்று வெக்காளியம்மன் வானம் பார்க்க உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்கள். நீங்கள் சொல்கிற சட்டம் வந்தால் அவள் இன்னும் ரொம்ப நாள் வெயிலில்தான் இருக்க வேண்டும். மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடமே கூடாது, அதைத் தாண்டி 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம். 2010 திருத்தம் இது. சென்னைப் பல்லாவரத்தில் அப்படி ஒரு சின்னத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

உறையூர்க்காரன்
ஐயா, இரண்டையும் குழப்பாதீர்கள். அந்தச் சட்டம் தூரத்தை மட்டும் அளக்கிறது. 301-வது மீட்டரில் பழைய ஊரே புதைந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை; 99-வது மீட்டரில் வெறும் பாறை இருந்தாலும் விடாது. நான் கேட்பது மனைக்குள் என்ன இருக்கும் என்று பார்ப்பதை.

கடக்கால்
இருபது வருடமாக சைட் இன்ஜினியர் வேலை. என் கேள்வி எளிது. "இருக்கலாம்" என்று எழுதித் தரும் ரிப்போர்ட்டை வைத்து நான் என்ன செய்ய? மண் பரிசோதனை தாங்குதிறனை எண்ணாகக் கொடுக்கிறது. உங்கள் மதிப்பீடு எதைக் கொடுக்கும்?

குழிஎண்4
கடக்கால் சார், அகழாய்வுக் குழிகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பாதி வேலை மேசையிலேயே முடிந்துவிடும். பழைய நில அளவை வரைபடம், பக்கத்தில் முன்பு தோண்டிய அறிக்கை, கோயில் கல்வெட்டில் வரும் தெரு, வாய்க்கால் பெயர்கள், இதெல்லாம் சேர்ந்தால் ஓரளவு படம் கிடைக்கும். அடுத்து, எது ஏற்கெனவே அழிந்துவிட்டது என்று பார்ப்போம். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். கிணறும் செப்டிக் டேங்கும் மனையைச் சல்லடையாக்கியிருந்தால், அல்லது முன்பே ஒரு நிலவறை இருந்திருந்தால், "இங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது, கட்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அதுவும் மதிப்பீடுதான்.

அப்புறம் மண் பரிசோதனைக்கு நீங்கள் போடும் துளை, அந்த போர்ஹோல். முதல் இரண்டு மூன்று மீட்டருக்கு "நிரப்பு மண், செங்கல் துண்டுகளுடன்" என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கீழே போய்விடுவீர்கள். எங்களுக்கு அந்த ஒரு வரிக்குள்தான் மொத்த ஊரும் இருக்கிறது. துளை போடும்போது பக்கத்தில் ஒருவர் நின்று அந்த மண்ணைப் பார்த்தால் போதும், தனிச் செலவுகூட அதிகம் இல்லை.

கடக்கால்
நிரப்பு மண் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்த மண்ணை நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்து நீங்கள் லண்டனைக் காட்டுவீர்கள், தெரியும். அங்கே தன் அலுவலகம் கட்டும் முன் அகழாய்வுக்குச் செலவு செய்தது புளூம்பெர்க் என்ற பெரிய நிறுவனம். இங்கே ஓய்வுபெற்ற வாத்தியார் பி.எஃப். பணத்தில் கட்டுகிறார். 2500 சதுர அடி மனையில் 3500 சதுர அடி வரை சுயசான்றிலேயே கட்டலாம் என்று 2024-ல்தான் அரசு வழி விட்டது. அதற்குள் இன்னொரு கேட் போடுவீர்களா?

குழிஎண்4
வாத்தியார் வீட்டை விட்டுவிடுங்கள். மூன்றடி, நாலடி கடக்காலில் பெரிதாக எதுவும் போய்விடாது. பேஸ்மென்ட்தான் எல்லா அடுக்கையும் ஒரேயடியாக வழித்தெடுக்கிறது. அதற்கு மட்டும் மதிப்பீடு கேட்டால் போதும் என்பது என் பக்கம். உறையூர்க்காரன் அளவுக்கு நான் போகமாட்டேன்.

லண்டனிலும் தொல்லியல் மேல் பாசம் பொங்கி விதி வரவில்லை. 1989-ல் சதக்கில் ஒரு அலுவலகத்துக்குத் தோண்டும்போது ஷேக்ஸ்பியர் காலத்து ரோஸ் நாடக அரங்கின் அடித்தளம் வெளியே வந்தது. 1587-ல் கட்டியது. வேலை நின்றது, நடிகர்கள் போய் மறியல் செய்தார்கள், கடைசியில் வடிவமைப்பை மாற்றி அரங்கை அடியில் வைத்தபடியே மேலே கட்டினார்கள். பாதியில் மாற்றினால் எவ்வளவு காசு போகும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த ஆண்டே, முதலில் பாருங்கள், பிறகு அனுமதி கேளுங்கள் என்று அரசு வழிகாட்டி வந்தது. புளூம்பெர்க் மனையில் அதன்படி முன்கூட்டியே பார்த்ததால் 400-க்கும் மேற்பட்ட ரோமானிய மரப்பலகை எழுத்துகள் கிடைத்தன. ஒன்று கி.பி. 57-ல் எழுதிய கடன் சீட்டு! அங்கே முன்பு ஓடிய வால்புரூக் ஓடையின் ஈரத்தில் மரம் மக்கவில்லை.

மாடிவீடு72
படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே நடப்பதைச் சொல்லட்டுமா? 1998-ல் எங்கள் வீட்டுக்குக் கிணறு தோண்டும்போது சுட்ட மண் வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக, நேராகக் கீழே இறங்கின. மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் மேஸ்திரியைப் பார்த்தேன். மணலைப் போட்டு மூடிவிட்டு நாலடி தள்ளித் தோண்டினோம். வெளியே மூச்சு விடவில்லை. சொன்னால் மனை முடங்கும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள்.

உறையூர்க்காரன்
ஐயா, அது உறைகிணறு! இத்தனை வருடமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறீர்களே. மண்ணுக்குள் கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878 புதையல் சட்டமே சொல்கிறது.

மாடிவீடு72
சுட்ட மண் வளையத்துக்குப் பத்து ரூபாய் கொடுக்க ஆள் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

கடக்கால்
நீங்கள் இருவரும் சண்டை போடுங்கள். எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஐயா பயந்தது பழைய பொருளுக்காக இல்லை, அதற்கப்புறம் என்ன ஆகும் என்று தெரியாததற்காக. கிடைத்தால் இத்தனை நாளில் பதிவு செய்து முடிப்போம், மனை உங்களுடையதுதான் என்று எழுத்தில் கொடுத்தால் நானே மேஸ்திரிகளிடம் சொல்வேன். அது இல்லாமல் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கினால் இரவோடு இரவாகத் தோண்டுவார்கள்.

குழிஎண்4
இதை மறுக்க முடியவில்லை. மாடிவீடு ஐயா, அந்த இடத்தின் மேல் இப்போது என்ன இருக்கிறது?

மாடிவீடு72
ஒன்றும் இல்லை, கொல்லைதான். மேல் வளையம் ஒன்றை மட்டும் உடையாமல் எடுத்தோம். அதில் துளசி வைத்திருக்கிறாள் வீட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். கேமரா வேண்டாம்.

குழிஎண்4
வருகிறேன் ஐயா. அளவு நாடா கொண்டுவரலாமா?