புதுப்பிப்பு: எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் என்ன ஆகும்?

பறக்கும்போது எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். விழாது. சிமுலேட்டரில் பழகியபின் புரிந்தது.

உடனே இடக்கையிலுள்ள கலெக்டிவ் நெம்புகோலைக் கீழே இறக்க வேண்டும். தலைக்கு மேல் சுற்றும் சிறகுகளின் கோணம் குறையும். ஹெலிகாப்டர் இறங்க இறங்க, கீழிருந்து பாயும் காற்றே அவற்றைச் சுழற்றும். எங்கள் உடுமலைப் பக்கம் ஆடிக் காற்றில் காற்றாலை சுற்றுவதை நினைத்ததும் சட்டென்று பிடிபட்டது. ஆனால் சிறிய ஹெலிகாப்டரில் ஓரிரு விநாடி தயங்கினாலே சுழற்சி விழுந்துவிடும், மீட்பது கடினம். அதனால் நெம்புகோலை உடனே இறக்குவதைத்தான் பறக்கக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள், அது மிகச் சரி.

தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைத்து, அப்புறம் கலெக்டிவை உயர்த்தினால், மிச்சமிருக்கும் சுழற்சியே மெல்ல இறக்கிவிடும். நேற்றுதான் முதல்முறை சேதமில்லாமல் இறக்கினேன். அவ்வளவு சந்தோஷம்!