மிதிவலு: மின்சைக்கிளில் கால் தரும் வாட்டுக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

மின்சைக்கிள் திரையில் வரும் ஓர் எண்ணுக்குத் தமிழ்ச் சொல் கேட்டு ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தேன். மோட்டார் தருவது போக, ஓட்டுகிறவர் தன் காலால் மட்டும் எத்தனை வாட் தருகிறார் என்று காட்டும் எண் அது. ‘ஓட்டுநர் திறன்’, ‘மனிதத் திறன்’, ‘மிதித்திறன்’, ‘கால்வலு’, ‘உழைப்பளவு’ என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் நன்றி. அவற்றைப் பார்க்கும் முன், இந்தச் சொல்லுக்காக நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணனுக்குப் போன வருடம் இதயக் குழாயில் அடைப்பு நீக்கினார்கள். உடம்பு தேறியதும் சைக்கிள் ஓட்டலாம், ஆனால் தொடக்கத்தில் 80 வாட்டைத் தாண்ட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார். அவருடைய பழைய சைக்கிளிலேயே, பெடல் அச்சோடு சேர்ந்த நடு மோட்டார் ஒன்றைப் பொருத்தினோம். தினமும் காலையில் தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கூடலூர் வழியாக மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை போய்வருவார். திரையில் 80 வந்தால் உடனே மோட்டார் உதவியை ஒரு படி கூட்டிக்கொள்வார். அவ்வளவு கவனமான மனிதர். ஆனாலும் வீட்டுக்கு வரும்போது சட்டை முழுக்க நனைந்திருக்கும், படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். 80 வாட் மிதிப்பவருக்கு இப்படி வேர்க்காதே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் அதே வண்டியை நான் எடுத்துக்கொண்டு போனேன். லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலைப்பாதை தொடங்கியதும் மோட்டார் உதவியை அணைத்துவிட்டு ஏறினேன். நான் 70 கிலோ, வண்டி 25 கிலோ. 100 மீட்டர் உயரம் ஏறப் பத்து நிமிடம் பிடித்தது. 95 கிலோவை 100 மீட்டர் தூக்க ஏறக்குறைய 93,000 ஜூல் வேண்டும். அதை 600 நொடியால் வகுத்தால் 155 வாட். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் ஒரு 25 வாட் சேர்த்துக்கொண்டால் 180. திரை காட்டிய சராசரி 140.

அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும், பெரியாறு மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பெரிய குழாய்கள் மலைச்சரிவில் வரிசையாகத் தெரியும். உயரத்தையும் எடையையும் பெருக்கி நேரத்தால் வகுக்கும் இதே கணக்கில்தான் அந்த நிலையமும் ஓடுகிறது. இறங்கும் தண்ணீருக்குப் பதில் ஏறும் சைக்கிள், அவ்வளவுதான் வேறுபாடு. மலை பொய் சொல்லாது. திரைதான் தப்பு.

காரணம் பிடிபட மூன்று நாள் ஆனது. பெடலை அச்சோடு இணைக்கும் தண்டான கிராங்கைத் தரைக்கு இணையாக நிறுத்தி, பின் பிரேக்கைக் கட்டி, பெடலில் 10 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். கிராங்கின் நீளம் 170 மில்லிமீட்டர். அப்படியானால் அச்சில் விழும் திருப்பு விசை, அதாவது அச்சைச் சுழற்றப் பார்க்கும் முறுக்கு, 16.7 நியூட்டன் மீட்டர். திரையின் அமைப்புப் பக்கத்தில் அந்த எண் சரியாகவே வந்தது. அடுத்து, அண்ணன் செய்வது போலவே வலது காலைப் பெடலில் வைத்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டேன். பிறகு காலை எடுத்துவிட்டு எடைக்கல்லைத் தொங்கவிட்டால் 10 நியூட்டன் மீட்டர்தான் காட்டியது.

விஷயம் இதுதான். அச்சுக்குள் இருக்கும் திரிபுமானி, அதாவது பாரத்தால் அச்சு நுணுக்கமாகத் திரிவதை அளக்கும் உணரி, ஸ்விட்ச் போட்ட நொடியில் தன் மேல் இருக்கும் பாரத்தைச் சுழி, அதாவது பூஜ்யம், என்று எடுத்துக்கொள்கிறது. பெடலில் சும்மா வைத்த கால் 4 கிலோ அழுத்தினாலே போதும். 6.7 நியூட்டன் மீட்டர் போய்விடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது அது 42 வாட். திரையில் 80 என்று பார்த்துக்கொண்டே அண்ணன் 120 மிதித்திருக்கிறார். மாதக்கணக்கில்.

மோட்டாரோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, ஆங்கிலத்தில். அண்ணனுக்கு ஆங்கிலம் ஓடாது. அதனால்தான் அந்தக் கையேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன், அதனால்தான் இந்தச் சொல்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

‘ஓட்டுநர் திறன்’ வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதை எந்தப் பணிமனைச் சுவரில் எழுதினாலும் வண்டி ஓட்டும் சாமர்த்தியம் என்றுதான் படிப்பார்கள். திறன் மேம்பாடு, திறனாய்வு, மாற்றுத் திறனாளி என்று அந்தச் சொல் நம் வாழ்க்கையில் வேறு வேலைக்குப் போய்விட்டது. பாடநூலிலேயே பாருங்கள். வாட்டில் அளப்பது திறன். ஆனால் ‘திருப்புத்திறன்’, ‘நிலைமத் திருப்புத்திறன்’ என்று வரும் இடங்களில் அதே திறனுக்கும் வாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. சைக்கிளில் நமக்குத் திருப்பு விசையும் வேண்டும், அதைச் சுழற்சி வேகத்தால் பெருக்கிய எண்ணும் வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் வரும்போது ‘திறன்’ இரண்டு பக்கமும் இழுக்கும்.

‘உழைப்பளவு’ அழகான சொல். ஆனால் ஒரு மணி நேரம் உழைத்ததைக் கூட்டிச் சொல்வது போல இருக்கிறது. அது ஜூல் கணக்கு. நமக்கு வேண்டியது இந்த நொடியின் வீதம்.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். ஓட்டுநர், மனிதர், கால் என்று எல்லாரும் ‘யாருடையது’ என்றே பார்க்கிறோம். கருவிக்கு ஆள் தெரியாது, இடம்தான் தெரியும். நடு மோட்டார் வண்டியில் காலும் மோட்டாரும் ஒரே செயினைத்தான் இழுக்கின்றன. பின்சக்கர ஹப்பில் அளந்தால் இரண்டும் கலந்துதான் வரும். முன்பல்சக்கரத்தில் அளந்தாலும் அப்படியே, மோட்டார் அதையும் சேர்த்துச் சுழற்றுகிறது. பெடல் அச்சிலோ கிராங்கிலோ அளந்தால்தான் மோட்டார் கலப்பதற்கு முன் இருக்கும் தூய எண் கிடைக்கும். மொத்தத்திலிருந்து மோட்டாரைக் கழித்தால் போகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். செய்யலாம், ஆனால் மோட்டார் பக்கம் நமக்குத் தெரிவது மின்கலம் தரும் மின்னழுத்தமும் மின்னோட்டமும்தான். 36 வோல்ட்டை 7 ஆம்பியரால் பெருக்கினால் 252 வாட் வரும். அதில் ஒரு பகுதி வெப்பமாகப் போய் மீதிதான் செயினுக்கு வருகிறது. அந்த மீதி வேகத்துக்கு வேகம் மாறும். ஊகத்தைக் கழித்தால் ஊகம்தான் மிஞ்சும்.

ஆகவே சொல்லிலேயே இடம் இருக்க வேண்டும். பெடலைத் தமிழில் மிதி என்றே சொல்லலாம், மிதிவண்டியில் அது ஏற்கெனவே இருக்கிறது. நம் ஊரில் ஏற்றத்தில் தண்ணீர் இறைத்த காலத்தில் துலாவின் மேல் ஏறி மிதித்து நடந்தவர் தந்ததும் இதுதானே. மிதியில் அளப்பது மிதிவலு. மோட்டாரிலிருந்து வருவது மோட்டார்வலு. சக்கரத்தில் அளந்தால் சக்கரவலு. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது மிதிவீதம். அளக்கும் கருவி மிதிவலுமானி. ஒரு சொல்லைத் தேடிப் போய் ஒரு குடும்பமே கிடைத்த மாதிரி இருக்கிறது எனக்கு.

குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

* * *

வணக்கம். வியாழக்கிழமை இரவு எழுதுகிறேன், மூன்று பதில்களுக்கும் சேர்த்து.

போடி வாத்தியார் ஐயா, உங்கள் கண்டிப்பு நியாயம். “பத்தாம் வகுப்புப் பிள்ளை திறன் என்று படித்துவிட்டு வந்தால் நீங்கள் வலு என்கிறீர்கள், அவன் எதை எழுதுவான்?” என்று கேட்கிறீர்கள். ‘மிதித்திறன்’ என்றால் பாடநூலோடு ஒட்டிப் போகும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அதனால் நேற்று ஒரு காரியம் செய்தேன். கம்பத்தில் நான் வண்டி பார்க்கும் சைக்கிள் கடையில், ஒரு அட்டையில் இரண்டு சொற்களையும் எழுதி நீட்டினேன், விளக்கம் எதுவும் சொல்லாமல். கடைக்காரர் ‘மிதித்திறன்’ என்பதைப் படித்துவிட்டு, “நல்லா மிதிக்கத் தெரிஞ்சவன்னு அர்த்தமா?” என்றார். ‘மிதிவலு’வைப் பார்த்துவிட்டு, “எம்புட்டு வலுவா மிதிக்கிறோம்னு, அதானே” என்றார். பக்கத்தில் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பையனும் தலையாட்டினான். இரண்டே பேர்தான், ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையேட்டைப் படிக்கப்போவது அவர்கள்தான். பிள்ளைகளுக்காக, முதல் முறை வரும் இடத்தில் ‘மிதிவலு என்பது மிதியில் அளக்கப்படும் திறன், அலகு வாட்’ என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன். திருப்பு விசை என்பதைப் பாடநூலில் உள்ளபடியே வைத்துக்கொள்கிறேன், அதை மாற்றவில்லை. சம்மதமா ஐயா?

யாழ்ப்பாணத்து அன்பர் எழுதியது எனக்குப் பெரிய தெம்பு. இலங்கைப் பாடநூல்களில் வாட்டில் அளப்பது வலு, ஜூலில் அளப்பது சக்தி என்று அங்கே எல்லாருக்கும் பழகியது என்கிறார். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அங்கே பள்ளியில் இருப்பது இங்கே பேச்சில் இருக்கிறது. ‘கால்ல வலு இல்ல’ என்று நம் வீட்டுக் கிழவிகள் சொல்லும் அதே வலுதான்.

பாலக்காடு சித்தூரிலிருந்து எழுதிய அக்கா சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. மலையாள வழியில் படித்த நம் பிள்ளைகளுக்கு ‘மிதி’ என்றால் ஜ்யாமிதியில் வரும் மிதி, அதாவது அளவை, என்றும் காதில் விழுமாம். சைக்கிள் ஓட்டுவதற்கு அங்கே சவிட்டுவது என்பார்கள் என்பது எனக்கும் தெரியும், குமுளி கடைத்தெருவில் தினமும் கேட்கிறோம். ‘மிதிவலு’வை ‘அளந்த வலு’ என்று எடுத்துக்கொள்வார்களோ என்பது அக்காவின் கவலை. ‘மிதிவண்டி’ என்ற சொல்லோடு சேர்ந்து ஒரே வாக்கியத்தில் வந்தால் அந்த மயக்கம் வராது என்று நினைக்கிறேன். அப்படியே யாராவது எடுத்துக்கொண்டாலும், அளந்த வலு என்பது பொருளுக்குப் பகையான தவறு இல்லை. எல்லை ஊர்ப் பிள்ளைகளுக்காகக் கையேட்டில் பெடலின் படத்தைச் சொல்லுக்குப் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன்.

ஒரு சொல்லை நானே திரும்பப் பெறுகிறேன். துல்லியம் என்ற ஒரே சொல்லைக் கையேட்டில் முதலில் எல்லா இடத்திலும் போட்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் துல்லியத்தன்மை (உண்மை அளவுக்கு எவ்வளவு பக்கம்), நுட்பம் (திரும்பத் திரும்ப அளந்தால் எவ்வளவு ஒத்துப்போகிறது) என்று இரண்டாகப் பிரிக்கிறது. அது இங்கே மிகவும் தேவை. அண்ணன் வண்டியின் திரை தினமும் ஒரே மாதிரி 40 வாட் குறைத்தே காட்டியது. நுட்பம் இருந்தது, துல்லியத்தன்மை இல்லை. தினமும் ஒரே எண் வந்ததால்தான் நாங்களும் நம்பினோம்.

இன்னொன்று, அளவுத்திருத்தம் பற்றி, அதாவது மானி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சரிசெய்வது பற்றி. எடைக்கல் சோதனையை இரண்டு பெடலிலும் செய்ய வேண்டும் என்று கையேட்டில் அழுத்தமாக எழுதுகிறேன். ஒரு காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மானிகளும் உண்டு. அண்ணனைப் போல ஒரு கால் கொஞ்சம் சோர்ந்தவருக்கு அது தப்பாகவே காட்டும். அப்புறம், கம்பத்து வெயிலில் சுழி வைத்துவிட்டுக் குமுளிக் குளிருக்குப் போனால் திரிபுமானியின் சுழி நகரும். மேலே போய் ஒரு தடவை நிறுத்தி, காலை எடுத்து, மறுபடி ஸ்விட்ச் போடுவது நல்லது. இந்த நகர்வுக்குச் ‘சுழி நகர்வு’ என்றே வைத்திருக்கிறேன், யாருக்கும் மறுப்பு இல்லையே?

பெடல் அச்சிலேயே பொருத்தும் தனி மிதிவலுமானி உங்களில் யாரிடமாவது இருந்தால், ஒரு ஞாயிறு லோயர் கேம்ப்புக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்துக் குமுளி வரை ஏறிப் பார்ப்போம். சாப்பாடு எங்கள் வீட்டில்.

கையேட்டின் முதல் பக்கம் இப்போது இப்படி இருக்கிறது, திருத்தம் இருந்தால் இந்த மடலிலேயே சொல்லுங்கள்:

“ஸ்விட்ச் போடும் முன் இரண்டு காலையும் தரையில் ஊன்றுங்கள். பெடலில் எதுவும் படக் கூடாது. திரையில் மிதிவலு 0 வாட் என்று வந்த பிறகே காலை மிதியில் வையுங்கள்.”

இந்த மூன்று வரியை அட்டையில் எழுதி அண்ணனின் ஹேண்டில்பாரில் ஒட்டியாயிற்று. இன்று காலை 80 வாட்டில் லோயர் கேம்ப் போய்வர அவருக்கு வழக்கத்தைவிடப் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஆனது. சட்டை நனையவில்லை.