கோப்பேற்றி: 'பதிவேற்றம்' பொருந்தாத இடத்திற்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான (நாம் சொல்லும் பணியைத் தாமே படிப்படியாகச் செய்யும் மென்பொருள்கள்) கோப்புக் கருவியின் ஆவணத்தைத் தமிழில் எழுதும்போது, 'அப்லோடு' என வரும் இடமெல்லாம் 'பதிவேற்றம்' என்றே போட்டுவிடலாம் என்று நண்பர் ஒருவர் சென்ற மடலில் எழுதியிருந்தார். வழக்கில் ஊன்றிவிட்ட சொல்லைக் காரணமின்றி அசைக்கக் கூடாது என்பதே பொதுவாக என் கருத்தும். ஆயினும் இந்த ஒரு கருவிக்கு அச்சொல் பொருந்தவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

உலாவியை இயக்கும் முகவருக்குத் தரப்படும் கருவி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். உலாவியை நிரல்வழி இயக்க உதவும் பிளேரைட் நிரலகத்தின் 'செட்இன்புட்ஃபைல்ஸ்' கட்டளை, படிவத்தில் கோப்புக்கென இருக்கும் பெட்டியில் கோப்பை வைப்பதோடு நின்றுவிடும். 1995 நவம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 1867 என்னும் இணைய நெறிமுறை ஆவணம் வகுத்த முறைப்படி, படிவத்தைச் சமர்ப்பிக்கும்போதுதான் கோப்பின் உள்ளடக்கம் வழங்கிக்கு, அதாவது தளத்தை நடத்தும் கணினிக்கு, போகும். கோப்பைத் தேர்ந்தெடுத்த உடனேயே அனுப்பிவிடும் தளங்களும் உண்டு. எந்தத் தளம் எவ்வகை என்பது கருவிக்குத் தெரியாது.

மனிதர் மட்டும் படிக்கும் ஆவணமாக இருந்தால் இதைப் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். இங்கே கருவியின் பெயரையும் விளக்கத்தையும் முகவரே படித்து, எதை எப்போது அழைப்பது, முடிந்ததும் பயனரிடம் என்ன சொல்வது என்று தீர்மானிக்கிறது. (முகவர் என்னும் உயர்திணை வடிவத்தோடு அஃறிணை வினைமுற்று சேர்வது எனக்கும் உறுத்துகிறது, அதைத் தனி இழையில் பேசலாம்.) சென்ற மாதம் என் தங்கை மகளின் உதவித்தொகை விண்ணப்பத்தை வைத்து இதைச் சோதித்தேன். வருமானச் சான்றிதழைப் பெட்டியில் வைத்ததும், நான் எழுதியிருந்தபடி கருவி 'பதிவேற்றப்பட்டது' என்று விடை தந்தது. முகவரும் "சான்றிதழ் பதிவேற்றப்பட்டது, பணி முடிந்தது" என்று அறிவித்து நின்றுவிட்டது. படிவத்தின் அடியில் 'சமர்ப்பி' பொத்தான் அழுத்தப்படாமலே இருந்தது. அன்றிரவு தற்செயலாகப் பக்கத்தைத் திறந்து பார்த்திராவிட்டால் அந்தப் பிள்ளையின் விண்ணப்பம் போயிருக்காது. முகவரைவிட நான் கொடுத்த சொல்லின்மீதே பிழை அதிகம் என்று எண்ணுகிறேன்.

'பதிவேற்றம்' என்பதில் பதிவும் ஏற்றமும் கூடி நிற்கின்றன. நமக்கு வேண்டியது அவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் வசதி. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடியற்காலையில் மல்லிகைக் கூடைகளை வண்டியில் அடுக்குபவர், கடைசிக் கூடை உள்ளே போனதும் "ஏத்தியாச்சுண்ணே" என்று குரல் கொடுப்பார். வண்டி அப்போது கிளம்பியிருக்காது. பூ போய்ச் சேர்ந்துவிட்டதென்று அதைக் கேட்டு எவரும் பொருள்கொள்வதும் இல்லை. எதிர்முனையில் எடைபோட்டுக் கணக்கில் எழுதிய பிறகுதான் அது வரவு. ஏற்றுவது வேறு, பதிவது வேறு என்னும் தெளிவு நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது.

ஆகவே கருவிக்குக் 'கோப்பேற்றி' என்றும், செயலுக்குக் 'கோப்பேற்றல்' என்றும், பெட்டியில் வைத்த நிலைக்கு 'ஏற்றப்பட்டது' என்றும், வழங்கி பெற்று உறுதிசெய்த நிலைக்குப் 'பதிவானது' என்றும் முன்மொழிகிறேன். இரண்டும் நிறைவேறிய முழுச் செயலுக்குப் 'பதிவேற்றம்' இருக்கட்டும். அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த 'கோப்பு அனுப்பி' எளிமையானதுதான். ஆனால் அனுப்புதல் நடவாத கட்டத்தில் அதுவும் அதே தவறான செய்தியைத் தரும். 'இணைப்பு' என்றால் வலைப்பக்கச் சுட்டியோடு ('லிங்க்') குழம்பும்.

என் முன்மொழிவில் ஓர் இடர் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். கோப்பின் வகையும் அளவும் சரியென்று தளம் ஒப்பியதைக் குறிக்க 'ஏற்கப்பட்டது' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. 'ஏற்றப்பட்டது' என்பதற்கும் அதற்கும் ஓரெழுத்தே வேறுபாடு. பிழைச்செய்திகளில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் கண் ஏமாறும். நீளமானாலும் 'ஏற்கப்பட்டது' வரும் இடத்தில் 'ஒப்புக்கொள்ளப்பட்டது' என்றே எழுதுவோம்.

விளக்கவுரையின் வரைவு கீழே உள்ளது. திருத்தங்களை இதே இழையில் எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

"கோப்பேற்றி: கொடுக்கப்பட்ட முழுப் பாதையிலுள்ள கோப்பைப் படிவத்தின் கோப்புப் பெட்டியில் ஏற்றும். இக்கருவி படிவத்தைச் சமர்ப்பிக்காது. தளத்தின் உறுதிச்செய்தியைக் காணும்வரை, கோப்பு பதிவானதாகப் பயனரிடம் தெரிவிக்கக் கூடாது."

அன்புடன்,
மதுரையிலிருந்து